அவினோவின் மாட்டுக் கொட்டகை

சியாயா பக்கத்தில் மழைக்காலம் வந்துவிட்டால், மழை கடிகாரம் பார்த்துப் பெய்யும். பிற்பகல் நான்கு மணிக்கு வெளியே ஆரம்பிக்கும். நான்கு ஐந்துக்கு அவினோவின் வீட்டுக்குள் ஆரம்பிக்கும். பதினோரு வருடம் இதே கதைதான். கட்டிலை எந்த மூலைக்கு இழுத்துப் போட்டாலும் ஒழுக்கும் அவளைத் தேடிக்கொண்டு அங்கே வந்தது.

அவள் ஏரிக்கரைக்காரி. உயோமாவில் மீன் சுடுகிறவர் மகள். பத்தொன்பது வயதில் எங்கள் ஊருக்கு வாழ வந்தபோது கொண்டுவந்தது இரண்டு பாத்திரமும், எட்டு ஊருக்குக் கேட்கிற குரலும்தான். புருஷன் சைக்கிளில் ஆள் ஏற்றிப் பிழைத்தவன். நல்ல மனுஷன், வாயை அதிகம் திறக்காத மனுஷன். அவள் பேசியது இரண்டு பேருக்கும் போதுமாக இருந்தது. காய்ச்சலில் நாலே நாளில் போய்விட்டான். அன்றிலிருந்து அவினோ சந்தையில் காய்ந்த பொடிமீன் விற்று, மகனைப் படிக்க வைத்து, கிசுமு நகரத்துக்கு வேலைக்கு அனுப்பிவிட்டு, தனியாக நனைந்துகொண்டிருந்தாள்.

கூரையை மாற்றிவிடலாமே என்று கேட்பீர்கள். கேட்பது சுலபம். எங்கள் குலத்தில் பெண்பிள்ளை கூரையேறக் கூடாது. புருஷனை இழந்தவள் புது வீடு கட்டுவதென்றாலும், பழைய கூரையைப் பிரித்து மாற்றுவதென்றாலும், புருஷன் வழி ஆண்பிள்ளை ஒருவன் வந்து முதல் கம்பு நட வேண்டும். முதல் ராத்திரி அவன் அந்த வீட்டில் படுக்க வேண்டும். படுத்தவனுக்கு அதன்பிறகு வீட்டிலும் சோற்றிலும் கட்டிலிலும் பாத்தியதை வந்துவிடும். மீறிக் கட்டினால் சாபம் பிடித்து உடம்பு உருகிப்போகும், மகனுக்கும் வீடு அமையாது என்பார்கள். அவினோ அதைப் பாதி நம்பினாள். மீதிப் பாதியைச் சோதித்துப் பார்க்க மகனைப் பணயம் வைக்க முடியுமா?

கம்பு நடுவதற்கு ஆள் தயாராகத்தான் இருந்தான். கொழுந்தன் ஒகோலா. ஞாயிறுதோறும் மாதா கோயிலில் முரசு அடிப்பவன், மற்ற நாளில் எதையும் அடிக்காதவன். வீட்டில் பெண்டாட்டி அபோண்டியும் நாலு பிள்ளைகளும் இருந்தார்கள். அவர்களுக்கே ஒழுகாத கூரை கிடையாது. ஆனாலும் பதினோரு வருடமாக, சரியாகக் களி கிண்டி இறக்குகிற நேரத்துக்கு அவினோ வாசலில் வந்து நின்று கூரையை அண்ணாந்து பார்ப்பான்.

"அண்ணி, கூரை ரொம்ப மோசமா இருக்கு. ஒரு வார்த்தை சொல்லுங்க, நாளைக்கே கம்பு நட்டுடறேன்."

"உன் வீட்டுக் கூரையில நிலா தெரியுதாமே. மொதல்ல அதுக்கு ஒரு கம்பு நடு."

இப்படி இருக்கும்போதுதான் ஏதோ உதவி நிறுவனத்துப் பிள்ளைகள் வந்தார்கள். கையில் பலகை போலப் பெரிய போன், காலில் சேறு படாத செருப்பு. யார் வீட்டில் புல் கூரையோ அவர்களுக்கு வெளிநாட்டு உதவிப் பணம் இரண்டு தவணையாக நேராகப் போனுக்கு வரும், திருப்பித் தர வேண்டாம், எதற்குச் செலவு செய்தாலும் கேள்வி கேட்க மாட்டோம் என்றார்கள். அடடா, ஊர் பட்ட பாடு! தகரக் கூரைக்காரர்கள் புல் வேய்ந்த சமையல் குடிசைக்குள் குடியேறி, பிறந்ததிலிருந்து இங்கேதான் இருக்கிறோம் என்று சத்தியம் செய்தார்கள்.

ஒகோலா மட்டும் தனி ரகம். சும்மா வருகிற பணம் சைத்தான் பணம் என்று கோயில் வாசலில் முழங்கினான். வாங்கினவர்கள் கட்டிலுக்கு அடியில் பாம்பு வந்து படுக்கும், ஒருநாள் பிள்ளையைப் பலி கேட்கும் என்றான். வீடு தேடி வந்த பிள்ளைகளை முரசுக் குச்சியைக் காட்டி விரட்டியே விட்டான். அபோண்டி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

அவினோ எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "என் கட்டிலுக்கு அடியில ஏற்கெனவே நாலு தவளை குடித்தனம் பண்ணுது. பாம்பு வரட்டும், தவளையாவது ஒழியும்." பேரைக் கொடுத்தாள்.

பணம் வந்துவிட்டது என்று போன் கத்தியபோது அவள் சந்தையில் மீன் அளந்துகொண்டிருந்தாள். பார்த்தாள், போனை ரவிக்கைக்குள் செருகினாள், வாங்க வந்தவளுக்கு ஒரு கை மீன் கூடுதலாகப் போட்டாள். நேராகக் கசாப்புக் கடைக்குப் போய் ஒரு கிலோ இறைச்சி வாங்கித் தனியாக உட்கார்ந்து தின்றாள். இதைச் சொல்லாமல் விட்டால் நாளைக்கு அவளே என்னைப் பிடித்துத் திட்டுவாள். அடுத்த வாரம் வயிறு பெருத்த கலப்பினப் பசு ஒன்றை ஓட்டிவந்தாள். சைத்தான் என்று பேர் வைத்தாள்.

"பணம் சைத்தானோடதுன்னு நீதானே சொன்னே?" என்றாள் ஒகோலாவிடம். "மாட்டுக்கு மட்டும் புனித மரியான்னு வைக்க முடியுமா?"

இரண்டாவது தவணை கூரைக்கு என்று முதலிலேயே முடிவு செய்திருந்தாள். பணம் வந்ததும் தச்சன் வெரேயைக் கூப்பிட்டாள். அவன் இரண்டு கையையும் தூக்கிவிட்டான்.

"அக்கா, கோச்சுக்காதீங்க. கம்பு நட ஆம்பளை இல்லாம உங்க வீட்டுல ஒரு ஆணி அடிச்சா என் கை அழுகிடும். வேற எது வேணாலும் சொல்லுங்க. கோழிக்கூடு, கக்கூஸ், மாட்டுக் கொட்டகை..."

அவினோ அவனை உற்றுப் பார்த்தாள். அவள் கண் முளையில் கட்டியிருந்த சைத்தான் பக்கம் போனது.

"மாட்டுக் கொட்டகைக்குக் கம்பு நட யாரு வேணும்?"

"மாட்டுக் கொட்டகைக்கு எதுக்கு ஆளு? நானே நட்டுருவேன்."

"சரி, கொட்டகை போடு. தகரக் கூரை."

"எவ்வளவு பெருசு?"

"மாடு காலை நீட்டிப் படுக்கணும். பக்கத்துல இன்னொரு மாடும் படுக்கணும்."

"இன்னொரு மாடு எவ்வளவு பெருசு?"

"என் உயரம்."

வெரேவுக்கு மெல்லப் புரிந்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டான். "ஜன்னல் வைக்கலாமா?"

"மாட்டுக்குக் காத்து வேணாமா?"

"நடுவுல தடுப்பு?"

"மாட்டுக்கு மானம் கிடையாதா? தரைக்கு சிமென்ட் போடு. கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பா வை. மாடே போட்டுக்கும்."

பத்து நாளில் கொட்டகை எழும்பியது. எங்கள் ஊரில் மனிதர்களுக்குக்கூட அப்படி ஒரு கொட்டகை கிடையாது. தடுப்புக்கு அந்தப் பக்கம் சைத்தான், இந்தப் பக்கம் அவினோவின் கட்டில். கூரைத் தண்ணீர் தகர வாய்க்கால் வழியாகத் தொட்டியில் விழுந்தது. சைத்தான் கன்று போட்டு, பால் சந்தைக்குப் போய், அவினோவின் மீன் தட்டு ஒரு கடையாக மாறியது. முதல் மழைக்கு அவள் கட்டிலில் மல்லாந்து படுத்து, தகரத்தில் மழை கொட்டுகிற சத்தத்தைக் கேட்டு வாய்விட்டு அழுதாள். அப்படி ஒரு நிம்மதி.

ஒகோலாவுக்குத்தான் வயிறு எரிந்தது. பெரியவர் ஒம்போக்கைக் கூட்டி வந்தான். குலத்தில் மூத்தவர், அவர் வாக்குதான் எங்களுக்குச் சட்டம்.

"பாருங்க பெரியவரே, இது வீடு! கம்பு நடாம வீடு கட்டிட்டாங்க. நான் ஒரு ராத்திரி படுத்தாத்தான் இந்தக் குத்தம் தீரும்."

அவினோ பெரியவருக்கு ஒரு குவளை பால் டீயை நீட்டினாள். பாதி டீக்குப் பாதி சர்க்கரை போட்டது. அவர் உறிஞ்சிக்கொண்டே சுற்றிவந்தார்.

"அடுப்புக் கல்லு மூணு எங்கே?"

"பழைய குடிசையில கிடக்கு, பெரியவரே. மாடு சமைக்குமா?"

பெரியவர் குவளையை அவளிடம் நீட்டி இன்னொரு தடவை ஊற்றச் சொன்னார். பிறகு சொன்னார்: "அடுப்பு இல்லாதது வீடு இல்லை. கொட்டகைதான்."

ஒகோலா விடவில்லை. சந்தையில், கோயிலில், சாவு வீட்டில், எங்கே நாலு பேரைக் கண்டாலும் அது வீடுதான், வீடுதான் என்று ஒரு வருடம் கத்தினான். அவளுக்குச் சாபம் பிடிக்கும் என்றான். தனக்கு ஒரு இருமல் வந்தால்கூட அவினோ ராத்திரி எழுந்து உட்கார்ந்துகொள்வாள். கிசுமுவில் மகன் நன்றாக இருக்கிறானா என்று விடிந்ததும் போன் போடுவாள். ஊரே அவன் பக்கம் பேச ஆரம்பித்தால், பெரியவர் ஒருநாள் மனசு மாறினால், ஒகோலா பாயோடு உள்ளே வந்துவிடுவான். அந்தப் பயம் அவளை விடவில்லை.

அடுத்த நீண்ட மழைக்காலத்தில் ஒருநாள், நான்கு மணி மழை காற்றையும் கூட்டிக்கொண்டு வந்தது. ஒகோலாவின் புல் கூரை மொத்தமாகக் கழன்று பக்கத்துச் சோளக் கொல்லையில் போய் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் அபோண்டி நாலு பிள்ளைகளோடு அவினோவின் வாசலுக்கு ஓடிவந்தாள். அவளுக்குப் பின்னால் முரசைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஒகோலா.

"அக்கா..." என்றாள் அபோண்டி, பல் தந்தியடிக்க.

"வாடி, உள்ள வா. பிள்ளைங்களைத் தொடை. பால் காய்ச்சினது இருக்கு." அவர்களை இழுத்து உள்ளே விட்டுவிட்டு அவினோ வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள். "நீ எங்கே?"

"அண்ணி, நனையறேன்."

"நான் பதினோரு வருஷம் நனைஞ்சேன். நீ படுத்தா இது வீடாயிடுமே. ஊரெல்லாம் நீதானே சொல்லிட்டுத் திரியறே?"

ஒகோலா பெண்டாட்டியைப் பார்த்தான். அபோண்டி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிள்ளைகள் சைத்தானின் பாலைக் குடித்துக்கொண்டிருந்தார்கள். எந்தப் பாம்பும் வரவில்லை.

"இது... கொட்டகைதான் அண்ணி," என்றான்.

"என்ன சொன்னே? தகரத்துல மழை கொட்டுது, ஒண்ணும் கேக்கல."

"கொட்டகைதான்!"

"பக்கத்துல நிக்கற எனக்கே கேக்கல. ஊருக்கு எப்படிக் கேக்கும்? அந்த முரசை இறக்கு. ரெண்டு அடி அடிச்சிட்டுச் சொல்லு."

ஒகோலா முரசை இறக்கினான். அந்த மழையில் நின்றுகொண்டு ஈரத் தோலை அடித்தான். பக்கத்து வீடுகளில் கதவுகள் திறந்தன. பெரியவர் ஒம்போக்கும் சாக்குப் பையைத் தலையில் போட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தார். ஒகோலா தொண்டை கிழியக் கத்தினான்.

"இது மாட்டுக் கொட்டகை! அண்ணியோட மாட்டுக் கொட்டகை! எனக்கு இதுல எந்தப் பாத்தியதையும் கிடையாது!"

கடைசி வாக்கியத்தைச் சொல்லச் சொல்லி அவள் கேட்கவில்லை. அவனாகவே சொன்னான், குளிர் அப்படி.

அவினோ வழிவிட்டாள். தடுப்புக்கு அந்தப் பக்கம், சைத்தானுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு சாக்கை விரித்துக் கொடுத்தாள். அவன் விடியும்வரை அங்கே படுத்திருந்தான். காலையில் கையில் மண்வெட்டியைக் கொடுத்தாள். மறுபேச்சு பேசாமல் சாணி அள்ளினான்.