ரோலருக்குப் பீங்கான் பூசுகிறவர்கள்

தேய்ந்துபோன ரோலர்களுக்குப் பீங்கான் சட்டை மாட்டி அனுப்புவது எங்கள் தொழில். நல்லூரில், பனியன் யூனிட்டுகளுக்கு நடுவில் எங்கள் ஷெட். வெல்டிங்கைவிடப் பளீரென்று எரியும் பிளாஸ்மாச் சுடருக்குள் பீங்கான் பொடியைச் செலுத்தினால், அது உருகிப் பாய்ந்து இரும்பின்மேல் அப்பிக்கொள்ளும். செய்கிற வேலையைச் சொந்தக்காரர்களுக்கு விளக்கிக் களைத்தவரா நீங்கள்? அப்படியென்றால் நம்ம ஆள்தான்.

ரவை

வெள்ளகோவிலில் நிட்டிங் யூனிட் வைத்திருக்கும் குமரவேல் அண்ணன், நூல் ஓடியே பள்ளம் விழுந்த உருளைகளை மேசையில் வைத்துவிட்டு, நாங்கள் பூசும் நானோ பொடியைக் காட்டச் சொன்னார். காட்டினேன். ரவை மாதிரி இருந்ததைப் பார்த்ததும் முகம் சுருங்கிவிட்டது.

நானோ துகள்கள் தனித்தனியாகக் கண்ணுக்கே தெரியாது, அப்படியே அனுப்பினால் குழாய் அடைத்துக்கொள்ளும், அதனால் உருண்டை பிடித்து வருகிறது, சுடரில் முழுக்க உருக விடாமல் பார்த்துக்கொண்டால் பூச்சு சீக்கிரம் விரிசல் விடாது என்றெல்லாம் விளக்கினேன். தாடையைத் தடவியபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப, பூந்தி கண்ணுக்குத் தெரியாத லட்டுனு சொல்லுங்க மேடம்."

பக்கத்து ஊடு

சுடரைப் பற்றவைத்தால் ஷெட்டுக்குள் பேசுவது கேட்காது. சுவருக்கு எத்தனை பஞ்சு அடைத்தும் வெளியே கொஞ்சம் போகத்தான் செய்யும். ஒருமுறை மெஷின் பழுதாகி, சில நாளாக ஷெட் அமைதியாகக் கிடந்தது. அப்போது பார்த்துப் பக்கத்து வீட்டு செல்வி, கைக்குழந்தையோடு கேட்டில் வந்து நின்றார். எங்கள் ஆபரேட்டர் பிரமோத் பீகார்க்காரர். புகார் என்று நினைத்து கம்ப்ரசருக்குப் பின்னால் மறைந்துவிட்டார். நான் மன்னிப்புக் கேட்கத் தயாராக எதிரே போனேன். செல்விக்கோ தூக்கமில்லாமல் கண் சிவந்திருந்தது.

"ஏனுங்க, மிசினு எப்பங்க ஓடும்? பொறந்ததுல இருந்து இந்தச் சத்தத்துலயே தூங்குன புள்ள, இப்பக் கண்ணே மூட மாட்டேங்குதுங்க."

பொட்டு

ஊத்துக்குளி ருக்மணி அம்மாவின் யூனிட்டில், துணியைப் பிடித்து இழுக்கும் ரோலர் வழவழத்துப்போய் மெஷின் நின்றுவிட்டது. சாயங்காலம் தூத்துக்குடிக்கு லாரி கிளம்பியாக வேண்டும். ரோலரை எடுத்துக்கொண்டு காலையிலேயே வந்துவிட்டார். மணலை வேகமாக அடித்து அதைச் சொரசொரப்பாக்கினோம். இதற்குப் பிறகு, பூசுவதற்குள் விரல் பட்டால்கூட அந்த இடத்தில் பூச்சு ஒட்டாமல் உரிந்துவிடும். போன் வந்ததென்று நான் வெளியே போய்த் திரும்பினால், ரோலரின் நட்டநடுவில் சந்தனமும் குங்குமமும். கண்மூடிக் கும்பிடுகிற அம்மாவைத் தடுக்க மனசு வராமல் பிரமோத் விழித்துக்கொண்டு நின்றார்.

விஷயத்தைச் சொன்னதும் அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. சகுனமே சரியில்லை என்றார். சாமி ஒன்றும் கோபித்துக்கொள்ளாது, துடைத்துவிட்டு இன்னொரு தடவை அடித்தால் போச்சு என்றேன். நான் சொல்லி முடிப்பதற்குள் பிரமோத் முகமூடியை மாட்டியிருந்தார். பூச்சு முடியும்வரை அம்மா கையைப் பின்னால் கட்டிக்கொண்டே நின்றார். தொடலாம் என்று நான் சொன்ன பிறகும் ஒற்றை விரலால்தான் தொட்டுப் பார்த்தார். ரோலரை மாட்டிக் கொடுக்க பிரமோத்தும் டெம்போவில் கூடவே போனார். லாரி கிளம்பியதும் அம்மாவிடமிருந்து போன்.

"துணி வழுக்காம ஓடுச்சுங்க கண்ணு. இந்தத் தரம் ரோலரைத் தொடவே இல்லீங்க, பொட்டைப் பிரமோத்துக்கு வெச்சுட்டனுங்க."

இரும்பு தேயாமலிருக்கப் பூச்சு வந்துவிட்டது. இவர்களுக்கெல்லாம் விளக்கம் சொல்லியே தேய்கிற என் தொண்டைக்குத்தான் இன்னும் ஒன்றும் அகப்படவில்லை.