ஒரு கோடு, இரண்டு யூனிட்

எங்கள் முதியோர் வகுப்பில் அவரை எல்லோரும் இஸ்திரி அக்கா என்றுதான் கூப்பிடுவோம். சலவைக் கடையில் நாள் முழுக்க நின்று தேய்த்துவிட்டு, சாயங்காலம் வீங்கிய காலோடு வந்து முன் பெஞ்சில் உட்காருவார். பாடம் நடத்தும் நான் அவரைவிட இருபது வயது சின்னவள். ஆனாலும் வாய் நிறைய "டீச்சர்" என்பார். வெப்பத்தைப் பற்றிச் சொன்ன அன்று, "பொட்டியில தண்ணி தெளிச்சா சுர்ருங்குமே, அதுக்கா டீச்சர் இவ்வளவு பெரிய பாடம்?" என்று கேட்டு வகுப்பையே சிரிக்கவைத்தார்.

அக்கா வகுப்பில் சேர்ந்தது கணவருக்காக. சர்க்கரை முற்றி, காலில் புண்ணோடு அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். இன்சுலினைச் சரியாக அளந்து ஊசி போட வீட்டில் ஆள் இருந்தால்தான் அனுப்புவோம் என்று சொல்லிவிட்டார்கள். வீட்டில் இருப்பதோ அவர்கள் இரண்டே பேர்.

முதல் தடவை, வார்டில் சோதித்துப் பார்க்க, ஊசியில் பதினெட்டு யூனிட் மருந்து ஏற்றச் சொன்னார் சிஸ்டர். வகுப்பில் டேப் வைத்து அளந்து பழகிய கை. டேப்பில் ஒரு கோடு என்றால் ஒன்று. அக்கா எண்களைப் பார்க்காமல் பதினெட்டுக் கோடு எண்ணி ஏற்றிவிட்டார். அந்த ஊசியிலோ ஒரு கோடு இரண்டு யூனிட்.

"ஐயையோ, ரெண்டு மடங்கும்மா! ஆளே போயிடுவார்" என்று சிஸ்டர் பதறியது கட்டிலில் இருந்தவர் காதிலும் விழுந்தது.

மறுநாளே காலி ஊசிகளும் ஒரு டம்ளர் தண்ணீருமாகப் பாடத்தை மாற்றினேன்.

"கோட்டை எண்ணாதீங்கக்கா. பத்துக்கும் இருபதுக்கும் நடுவுல எத்தனை இடம் இருக்கு?"

"அஞ்சு."

"அப்ப ஒரு இடம் எவ்வளவு?"

அன்று விரலை மடக்கி மடக்கிப் பார்த்தார். சில நாள் கழித்து, "ரெண்டு" என்று பதில் வந்தது. குமிழியைத் தட்டி வெளியேற்றவும் பழகினார். "எனக்கும் ஒண்ணு போடுங்கக்கா" என்று வம்பிழுத்த, கூடப் படிக்கும் டைல்ஸ் ஒட்டுகிறவரிடம், "உனக்கு வாயிலதான் போடணும்" என்றார். கணவர் வீட்டுக்கு வந்ததும் கட்டிலை ஜன்னலோரம் போட வேண்டும் என்று சொல்லாத நாளில்லை.

இரண்டாம் தடவை நானும் கூடப் போனேன். வார்டு வாசல் மேசையில் வைத்து ஏற்றினார். சிஸ்டர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "கச்சிதமா இருக்கு" என்றார். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அக்கா ஊசியோடு கட்டிலை நெருங்கினார்.

கணவர் கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார்.

"இவ கையாலயா? எழுதப் படிக்கத் தெரியாதவகிட்ட என் உசுரைக் குடுக்கணுமா? நான் தம்பி வீட்டுக்குப் போறேன். தம்பி பொண்டாட்டி படிச்சவ. நேத்தே பேசி முடிச்சாச்சு."

பயந்துபோன மனுஷன் என்று இன்று தோன்றுகிறது. அன்று அவரை அறையலாம் போல இருந்தது.

"நீங்களே போடுங்க சிஸ்டர்" என்று முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு கையை நீட்டினார். சிஸ்டர் அக்கா கையில் இருந்த அதே ஊசியை வாங்கிப் போட்டார்.

"படிச்சவங்க கைன்னா தனிதான். வலிக்கவே இல்ல" என்றார் அவர்.

நான் வாயைத் திறந்தேன். அக்கா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்து, வேண்டாம் என்று தலையசைத்தார்.

வெளியே, சைக்கிள் நிறுத்துமிடத்தில் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அக்கா அழவில்லை. எதையோ யோசித்துக்கொண்டிருந்தார்.

"தம்பி பொண்டாட்டி படிச்சவதான் டீச்சர். ஆனா ஒரு கோடு ரெண்டுன்னு அவளுக்கு யாரு சொல்லுவா?"

கணவரை அழைத்துப்போகத் தம்பி பொண்டாட்டி சாயங்காலம் வருவாளாம். அதுவரை வாசல் பெஞ்சில் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டு, அக்கா திரும்பி உள்ளே போனார்.