முதலில் நின்றது யார்

"கழுத்துல பட்டை இருந்துச்சா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க" என்று தொலைபேசியில் கேட்டுக்கொண்டே, லேட்டு மேடம் பென்சிலைச் சீவுகிறார். பேச்சு ஒரு நாயைப் பற்றியது. நேற்றுச் சாயங்காலம் அது தண்டவாளத்தில் படுத்துக்கொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்று அடம்பிடித்ததில் ஒரு வண்டி ஏழு நிமிடம் நின்றுவிட்டது. பட்டை இருந்தால் நாய்க்குச் சொந்தக்காரர் உண்டு. பழி வெளி ஆள்மேல் போகும். இல்லையென்றால் தெருநாய், வேலியில் ஓட்டை விட்ட தண்டவாளப் பிரிவு ஏற்க வேண்டும். மறுமுனையில் இருப்பவர் தண்டவாளப் பிரிவுக்காரர். பட்டை இருந்த மாதிரிதான் ஞாபகம் என்று இழுக்கிறார்.

"மாதிரியெல்லாம் எழுத முடியாதுங்க. டிரைவரைக் கேட்டுட்டேன். வெறுங்கழுத்துதான்."

ஏழு நிமிடத்தையும் அவர் தலையில் கட்டிவிட்டுப் போனை வைக்கிறார். பட்டியலில் அடுத்த வரி.

ரயில்வே கட்டுப்பாட்டு அலுவலகத்தின் மூன்றாவது மாடியில், கோப்பு அலமாரிக்கும் ஜன்னலுக்கும் நடுவே அவருடைய மேஜை. மூன்று நிமிடத்துக்கு மேல் பிந்திய ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு பொறுப்பாளியைக் கண்டுபிடிப்பதுதான் வேலை. பத்தொன்பது வருடமாக இதைத்தான் செய்கிறார். விளக்கு எரியாவிட்டால் சிக்னல் பிரிவு மின்சாரப் பிரிவைக் கைகாட்டும். மின்சாரப் பிரிவு மழையைக் கைகாட்டும். "மழைக்குப் போன் நம்பர் இல்லீங்க, உங்களுக்குத்தான் இருக்கு" என்பார் இவர். ஒரு வண்டி நின்று, அதன் பின்னால் நாலு வண்டி நின்றால், அத்தனை நிமிடமும் முதலாவதை நிறுத்தியவர் கணக்கில்தான் ஏறும். அதனால் எந்தத் தகராறிலும் அவருடைய முதல் கேள்வி ஒன்றுதான்: "முதல்ல யாரு நின்னாங்க?"

லேட்டு மேடம் என்று பெயர் வைத்தவர்கள் இன்ஜின் பிரிவுக்காரர்கள். அவர் ஒருநாளும் லேட்டாக வந்ததில்லை என்பதுதான் அதில் உள்ள கிண்டல். ஏழு பத்து வண்டிக்கு ஏழு மணிக்கே பிளாட்பாரத்தில் நிற்பார். முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. முதுகுக்குப் பின்னால் கூப்பிடுவது அவர் காதில் விழாமலும் இல்லை.

மதியச் சாப்பாட்டுக் கூடத்தில் அவருக்கு எதிரே உள்ள நாற்காலி காலியாகவே இருக்கும். ஆரம்பத்தில் சிக்னல் பிரிவு டைப்பிஸ்ட் அக்கா ஒருத்தி கூட உட்கார்ந்து, தன் டப்பாவிலிருந்து எடுத்து வைத்துச் சாப்பிடச் சொல்வாள். ஒருநாள் இவர் அப்படிச் சாப்பிட்டுவிட்டு வந்து, அன்று சாயங்காலமே நாற்பத்திரண்டு நிமிடத்தைச் சிக்னல் பிரிவின்மேல் எழுதினார். எழுதியது சரிதான். மறுநாள் முதல் அந்த அக்கா ஜன்னலோர மேஜைக்குப் போய்விட்டாள். இன்னொருவர் வந்து உட்கார்ந்தால் காக்காய் பிடிக்க வந்தார் என்ற பேச்சு எழும். யாரும் வரவில்லை.

வீட்டில் இரண்டு அறை. கணவர் பிரிந்து போய்ப் பதினொரு வருடம் ஆகிறது. அந்த விஷயத்திலும் முதலில் பேச்சை நிறுத்தியது யார் என்று சில இரவுகள் யோசித்துப் பார்த்திருக்கிறார். அவர் சொன்னது, இவர் சொல்லாமல் விட்டது என்று பின்னோக்கிப் போய்க்கொண்டே இருந்ததே தவிர முதல் நிறுத்தம் அகப்படவில்லை. விட்டுவிட்டார்.

போன மாதம் ஒரு திங்கட்கிழமை, வாசற்கதவைப் பூட்டும்போது சாவி பூட்டுக்குள் சிக்கிக்கொண்டது. திரும்பவும் மாட்டேன், வெளியே வரவும் மாட்டேன் என்றது. உள்ளே ஓர் ஆள் இருந்தால் "பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுக் கிளம்பலாம். இவர் எண்ணெய் விட்டு, ஆட்டி அசைத்து, பூட்டிவிட்டு ஸ்டேஷன் படியேறும்போது மணி ஏழு பத்து ஆகிவிட்டது. பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினார். ஐம்பத்து மூன்று வயதில் அப்படி ஓடியதில்லை.

கடைசிப் பெட்டி வாசலில் கார்டு நின்றிருந்தார். வண்டி புறப்பட விசில் கொடுக்க வேண்டியவர் அவர். விசில் வாய்க்குப் போய்விட்டது. ஓடிவருகிறவரைப் பார்த்ததும் அதைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"மெதுவா வாங்கம்மா. விழுந்துடாதீங்க. நான் நிக்கிறேன்."

கையைக் கொடுத்து ஏற்றிவிட்டார். ஒன்றே முக்கால் நிமிடம் போயிருந்தது. அதற்குள் ஜங்ஷனில் இந்த வண்டிக்கான வழி எக்ஸ்பிரஸுக்குப் போய்விட, இது வெளியே காத்துக் கிடந்தது. பின்னால் வந்த இரண்டும் காத்துக் கிடந்தன. எல்லா வண்டிக்கும் சேர்த்து மொத்தம் அறுபத்தொரு நிமிடம். அடங்காத மூச்சோடு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவருக்கு அது எதுவும் உறைக்கவில்லை. தனக்காக ஒருவர் நின்றார் என்பது மட்டும் திரும்பத் திரும்ப மனதில் ஓடியது.

மறுநாள் காலை அந்த அறுபத்தொரு நிமிடம் பட்டியலின் முதல் வரியாக மேஜைக்கு வந்தது. சிக்னல் பிரிவுக்காரர் அன்றைக்கு மட்டும் குஷியாகப் பேசினார். "முதல்ல யாரு நின்னாங்கன்னு நீங்கதானே மேடம் கேப்பீங்க? கார்டு நின்னாரு. எழுதிக்கோங்க."

அந்தக் கார்டுமேல் அந்த வருடம் ஏற்கெனவே இரண்டு பதிவு இருந்தது. மூன்றாவது ஏறினால் பயணிகள் வண்டியை விட்டுச் சரக்கு வண்டிக்கு மாற்றிவிடுவார்கள். பயணிக்கு உடல்நலக் குறைவு என்று எழுதினால் யார்மேலும் பழி இல்லை. அப்படி ஒரு பிரிவு விதியிலேயே உண்டு. கார்டுக்குப் போன் போட்டார். பத்தொன்பது வருடத்தில் முதல் முறையாக, பதிலைக் கேள்விக்குள் வைத்துக் கேட்டார்.

"ஓடி வந்தவங்களுக்கு உடம்பு ஏதும் சரியில்லையா?"

"இல்லீங்க. நல்லாத்தான் இருந்தாங்க. மூச்சு வாங்குச்சு, அவ்வளவுதான்." கொஞ்சம் யோசித்து, "அவங்க நிறுத்தச் சொல்லிக் கையெல்லாம் காட்டல மேடம். நானாத்தான் நின்னேன்" என்றார்.

லேட்டு மேடம் நன்றி சொல்லிப் போனை வைத்தார். சாப்பாட்டு நேரம் வரை அந்த வரி காலியாகவே கிடந்தது. பிறகு எழுதினார்: கார்டு, அறுபத்தொரு நிமிடம். அதன் கீழே இன்னொரு வரி: ஓடி வந்த பயணி நான்தான், இதை நான் தீர்மானிப்பது முறையல்ல, மேலதிகாரி முடிவு செய்யவும்.

மேலதிகாரி படித்துவிட்டுச் சிரித்தாராம். ஓடி வந்தது யாராக இருந்தால் என்ன, விதி ஒன்றுதானே என்று கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார்.

பத்து நாள் கழித்து, மாற்றல் உத்தரவோடு கார்டு மூன்றாவது மாடிக்கு வந்தார். ஏற்றுக்கொண்டதாகப் பதிவுத்தாளில் அவர் கையொப்பம் இட வேண்டும். தாளை வாங்கி நின்றபடியே படித்தார். கீழே இருந்த வரியை மறுபடி படித்தார். பிறகு நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்கதானா அது?"

லேட்டு மேடம் தலையசைத்தார். சொல்வதற்கென்று பத்து நாளாகச் சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் விட்டுவிட்டு, சரக்கு வண்டியில் இப்போது எந்த நேர வேலை என்று மட்டும் கேட்டார். நேரமெல்லாம் பரவாயில்லை, பேச்சுத் துணைதான் கிடையாது, கடைசிப் பெட்டியில் நாள் முழுக்கத் தனியாக உட்கார்ந்திருக்க வேண்டும் என்றார் கார்டு. கோபமாகச் சொன்ன மாதிரி இல்லை.

"அன்னிக்கு ஆபீசுக்கு நேரத்துக்குப் போய்ச் சேந்தீங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்க. இருபத்தாறு நிமிஷம் லேட்டு."

கார்டு சிரித்துவிட்டார். இவருக்கும் சிரிப்பு வந்தது. பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கார்டு பேனாவை எடுத்தபோது மின்விசிறிக் காற்றில் தாள் படபடத்தது. லேட்டு மேடம் அதன் மேல் ஓரத்தைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். கார்டு நிதானமாகக் கையெழுத்துப் போட்டார், தேதி எழுதினார், பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, "வரேம்மா" என்று படியிறங்கிப் போனார்.

தொலைபேசி அடித்தது. அடித்து ஓய்ந்து, மறுபடியும் அடித்தது. லேட்டு மேடம் தாளின்மேல் வைத்த கையை எடுக்கவில்லை.