அணைத்துவிட்டுப் போகிறவர்

என் வீட்டுக்காரர் ஒரு கிடங்கில் முப்பது வருடம் காவலராக இருந்தவர். சுவிட்சுகளை எல்லாம் அணைக்காமல் காலில் செருப்பு மாட்டமாட்டார்.

என் லேப்டாப்பில் பேட்டரி செத்து இரண்டு வருடம் ஆகிறது. சார்ஜர் வயரில்தான் அதன் உயிர் ஓடுகிறது. நேற்று அப்டேட் நடக்கும்போது, "அணைக்க வேண்டாம்" என்று திரை முழுக்க எழுதியிருந்தது. நான் குளித்துவிட்டு வருவதற்குள் சுவிட்சை அணைத்துவிட்டுக் காய் வாங்கப் போய்விட்டார். அதோடு சரி, லேப்டாப் கண்ணே திறக்கவில்லை. நாளைக்குக் கொடுக்க வேண்டிய மொழிபெயர்ப்பு அதற்குள் மாட்டிக்கொண்டிருக்கிறது.

இன்று மெக்கானிக் வந்து மூன்று மணி நேரம் அதோடு மல்லுக்கட்டினார்.

"அக்கா, எல்லாம் மறுபடி ஏறுது. முடியிற வரைக்கும் கரண்ட் மட்டும் போயிடக் கூடாது."

சுவிட்சின் மேல் டேப்பை ஒட்டினேன். அதுவும் போதாதென்று பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டுக் காவல் உட்கார்ந்தேன்.

தொண்ணூற்றெட்டு சதவீதத்தில் திரை இருண்டது. மேலே மின்விசிறியும் நின்றது.

"என்னங்க," என்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

வெளியே போயிருந்தவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். கை இன்னும் மெயின் பெட்டியின் மேல்தான் இருந்தது.

"உன் டேப்பை நான் தொடவே இல்லம்மா. தம்பி ரிப்பேர் பாக்குறாரே, ஷாக் அடிச்சிடக் கூடாதுன்னு மெயினை அணைச்சேன்."