பீச் மரத்து இலையைக் கிள்ளியது யார்?

சபாபதி சுங்க அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஜொகூர் பாருவில் பணிக்காலம் முழுவதும் பிறர் பெட்டிகளைத் திறந்து பார்த்த பழக்கம், லாயாங் லாயாங் என்ற சிற்றூரில் குடியேறிய பிறகும் அவரை விட்டுப் போகவில்லை.

மெல்பர்னில் மகள் கோமளா வீட்டு பீச் மரம் பூத்து நின்றதைப் பார்த்து ஆசைப்பட்டு, செனாயில் ஒரு நர்சரியில் கன்று வாங்கி நட்டார். மரம் வளர்ந்தது. இலையாகவே விட்டது, மொட்டு இல்லை.

"குளிர்காலத்துல மரம் நல்லாத் தூங்கணும்பா. அப்பதான் வசந்தத்துல மொட்டு விரியும். அங்க ஏது குளிர்?" என்றாள் கோமளா போனில்.

குளிர் அதிகம் வேண்டாத ரகம் என்று சொல்லித்தான் நர்சரிக்காரன் விற்றிருந்தான். ஏமாற்றிவிட்டான் என்று சபாபதி முடிவு கட்டினார்.

ஒரு காலையில் கீழ்க்கிளைகளில் இலையே இல்லை. பூச்சி தின்ற தடமும் இல்லை, யாரோ கிள்ளியிருந்தார்கள். மறுநாள் இன்னொரு கிளை மொட்டையாக நின்றது. தன் கார்மேல் இலை விழுவதாகப் பக்கத்து வீட்டு மூர்த்தி எப்போதோ முணுமுணுத்தது ஞாபகம் வந்தது. வேலியோரம் நின்று கேட்டேவிட்டார்.

"மூர்த்தி, என் மரத்துல கை வச்சியா?"

"அலமாக்! உங்க மரம் எனக்கு எதுக்கு அங்கிள்? ஷிப்ட் முடிஞ்சு வந்தா தூங்கவே நேரம் இல்ல லா."

"பின்ன, இலை தானா நடந்து போச்சா?"

மூர்த்தி பதில் சொல்லாமல் உள்ளே போய்விட்டான். அந்த மௌனமே சபாபதிக்குச் சாட்சியாகப் பட்டது.

ஒருநாள் கிளினிக்குக்குப் போவதாகச் சொல்லிக் கிளம்பியவர், காரைத் தெருமுனையில் விட்டுவிட்டுப் பின்பக்கமாக வந்தார். ஸ்டூல் மேல் நின்று இலையைக் கிள்ளிக்கொண்டிருந்தவள் அவர் மனைவி கமலாம்பிகை.

"நீயா?"

"சந்தையில கீரை விக்கிற ஜாவாக்காரம்மா சொன்னாங்க. அவங்க ஊர்ல ஆப்பிள் மரத்து இலையை இப்படித்தான் உருவிடுவாங்களாம். குளிர் இல்லாத இடத்துல மொட்டை எழுப்ப அதான் வழியாம்."

"என்கிட்ட சொல்றதுக்கென்ன?"

"சொன்னா? யார் சொன்னா, ஏன் சொன்னா, அவளுக்கு என்ன லாபம்னு விசாரணைதான் நடந்திருக்கும்."

அவருக்குச் சுருக்கென்றது. ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார்.

சில வாரங்களில் வெறுங்கிளைகளில் மொட்டுகள் தெரிந்தன. இலைத்துளிராக இருக்குமோ என்று அதையும் சந்தேகப்பட்டார். இளஞ்சிவப்பாக விரிந்த பிறகுதான் நம்பினார். மெல்பர்ன் மரம்போல ஒன்றாகப் பூக்கவில்லை. இங்கொன்றும் அங்கொன்றுமாகத்தான்.

அன்று மாலை மூர்த்தி வீட்டு கேட்டைத் தட்டினார்.

"மரம் பூத்திருக்கு. வந்து பாரேன்."

மூர்த்தி கேட்டைத் திறக்கவில்லை. "இப்ப எது காணாமப் போச்சு அங்கிள்?"

"எதுவும் போகல. அன்னைக்கு உன்னைக் கேட்டது தப்பு. கிள்ளினது எங்க வீட்டம்மா."

மூர்த்தி கேட்டைத் திறந்துகொண்டு வந்தான். மரத்தை நெருங்கவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, எட்ட நின்றே பூவைப் பார்த்தான்.