ஆற்றுக்குள் நின்ற நீலப்புள்ளி

முதலிலேயே மன்னிப்பைக் கேட்டுவிடுகிறேன். எனக்குக் கோர்வையாக எழுத வராது. படித்தது ஐந்தாம் வகுப்பு. ஞாபகமும் முன்னைப்போல இல்லை. போன வாரம் வெந்தயக் குழம்பைப் பற்றி எழுதியபோது புளி போடச் சொல்லாமலே முடித்துவிட்டேன் என்று நான்கு பேர் எழுதிவிட்டீர்கள். தயவுசெய்து புளி போடுங்கள்.

இந்த வாரம் விஷயம் குழம்பு இல்லை. மூன்று நாளாகச் சாப்பாடே இறங்காமல் எழுதுகிறேன்.

மூன்று நாளைக்கு முன்னால் ரோஸி வீட்டுக்கு வந்தாள். என் மகள் கீதாவோடு சைக்கிள் ஓட்டுகிற சிநேகிதி, நாகர்கோவில்காரி. தோளில் கட்டு, கழுத்திலிருந்து தொங்கும் கை. இன்னொரு கையில் எனக்கு ஒரு டின் ஆலிவ் எண்ணெய்.

“அம்மா, நீங்க மட்டும் போன் பண்ணலன்னா நான் அந்த ஆத்துலயே கெடந்திருப்பேன்” என்றாள்.

நான் காபி போடுகிறேன் என்று எழுந்து உள்ளே போய்விட்டேன். முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஏன் என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

எங்கள் வீடு பஹ்ரைனில், ஈசா டவுனில். கீதாவுக்கு நாற்பத்தைந்து வயது. ஆஸ்பத்திரி லேபில் வேலை. மாப்பிள்ளைக்கு பிளான்ட்டில் ஷிப்ட் டூட்டி. மூன்று வருடத்துக்கு முன்னால் டாக்டர் சர்க்கரை எட்டிப் பார்க்கிறது என்றார். அன்றைக்கு சைக்கிளில் ஏறியவள்தான் — இறங்கவே இல்லை.

அவளோடு மூன்று பெண்கள். வெள்ளிக்கிழமை விடிந்தும் விடியாமலும் கிளம்பிவிடுவார்கள். இந்த ஊரில் மலைக்கு எங்கே போவது? தட்டில் ஊற்றிய மாவு மாதிரி தட்டையான ஊர். அதனால் முஹாரக் பாலத்தில் ஏறி இறங்குவார்கள். அது போதாதென்று ஒரு மாலின் அடுக்குமாடி பார்க்கிங்கில், கார்கள் வருவதற்கு முன்னால், கீழிருந்து மொட்டை மாடி வரைக்கும் சுற்றிச் சுற்றி ஏறுவார்கள். அங்கிருந்த வாட்ச்மேன், “மேடம், மேல ஒண்ணுமே இல்லையே... எதுக்கு ஏறுறீங்க?” என்று கேட்டாராம். எனக்கும் அதே கேள்விதான்.

பதில் அக்டோபரில் வந்தது. நான்கு பேரும் ஸ்பெயினுக்குக் கிளம்பினார்கள். ஐந்து நாள் சைக்கிள் பயணம்.

“மலைம்மா. நிஜமான மலை. கீழ ஆறு ஓடும்” என்றாள் கீதா. அவள் கண்ணைப் பார்த்த பிறகு வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? மனதுக்குள் ஆயிரம் தடவை சொன்னேன்.

இவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. எங்கே போனாலும் ஒரே ஒரு போன்தான் முதுகுப் பையில் போகும். மற்ற போன்கள், விழுந்தால் உடையும் என்று பெட்டிகளோடு இருந்துவிடும்; ஸ்பெயினில் அந்தப் பெட்டிகளை ஒரு வேன் தனியாகக் கொண்டு வரும். அந்த ஒரு போன் எங்கே இருக்கிறது என்பதை வீட்டில் ஒருவர் தன் போனில் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். மேப்பில் நீலப்புள்ளி நகரும். பக்கத்தில் ஒரு எண் இருக்கும். புள்ளி எத்தனை நிமிடத்துக்குப் பழசு என்பது அது.

அந்த ஒருவர் — நான்.

ஃபிரிட்ஜில் ஒரு காகிதம் ஒட்டிவிட்டுப் போனாள். ஒரு போன் நம்பர். வேன்காரர் மனுவேலுடையது. கீழே தமிழ் எழுத்தில்: ‘திஸ் இஸ் கீதாஸ் மதர். டாட் நாட் மூவிங். ப்ளீஸ் கோ.’

“அரை மணி நேரம்மா. அதுக்கு மேல புள்ளி நகரலன்னா யோசிக்கவே கூடாது. கூப்பிடணும். சரியா?”

“சரி.”

“நீ கூச்சப்படுவ. எனக்குத் தெரியும்.”

“சரின்னு சொல்றேன்ல.”

முதல் நாள் பழைய ரயில் பாதை. தண்டவாளத்தை எடுத்துவிட்டு சைக்கிளுக்கு விட்டுவிட்டார்களாம். மலையைக் குடைந்த சுரங்கத்துக்குள் லைட் போட்டுக்கொண்டு போகவேண்டும். தலைக்கு மேலே வௌவால். இரண்டாம் நாள் ஆலிவ் தோப்பு, ஆட்டு மந்தை. வழியில் வரும் தோட்டக் கதவுகளைத் திறந்தால் மறுபடி சாத்திவிட்டுத்தான் போக வேண்டுமாம், ஆடு வெளியே போய்விடாமல் இருக்க. “பதினாலு கதவு சாத்தினேம்மா” என்றாள். அத்தனை சந்தோஷம் குரலில்.

அப்போது நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா?

“பாட்டிலை ஃப்ரீசர்ல வச்சியா?” என்று கேட்டேன்.

இங்கே அது இல்லாமல் வெளியே போக முடியாது. முந்தின நாளே தண்ணீர் பாட்டிலைக் கல்லாக உறைய வைத்து, துணி சுற்றி முதுகுப் பையில் போட்டு அனுப்புவேன். போனையும் அதோடு ஒட்டி வைப்பேன். இல்லாவிட்டால் இந்த வெயிலில் போன் சூடாகி அணைந்துவிடும்.

“இங்க தேவையில்லம்மா...” என்று இழுத்தாள். நான் விடவில்லை. தங்கிய வீட்டு அம்மாளிடம் கேட்டு வைத்தாளாம். அந்த அம்மாள், விரல் விறைக்கிற ஊரில் தண்ணீரை எதற்கு ஐஸ் ஆக்குகிறீர்கள் என்று விழுந்து விழுந்து சிரித்தாராம்.

மூன்றாம் நாள். எங்கள் மணி பத்து நாற்பது. அங்கே ஒரு மணி நேரம் பின்னால். நீலப்புள்ளி ஒரு பள்ளத்தாக்கில் இறங்கிக்கொண்டிருந்தது. மேப்பில் ஆறு நீலக்கோடாக வளைந்து வளைந்து போகும். பாதை அதை மூன்று இடத்தில் குறுக்கே கடக்கும். முதல் இடம் கடந்தது. இரண்டாவது இடத்தில்...

புள்ளி நீலக்கோட்டுக்கு நடுவில் நின்றது.

கரையில் இல்லை. நட்ட நடுவில்.

எண் ஐந்தானது. பத்தானது. போட்டோ எடுக்கிறார்கள் என்று நினைத்தேன். பதினைந்து. இருபது. ஆற்றுக்கு நடுவில் இருபது நிமிடம் யார் நிற்பார்கள்? அடுப்பில் பருப்பு தீய்ந்த வாசனை வந்தது. போய் அணைத்துவிட்டு ஓடி வந்தேன். முப்பது.

காகிதத்தைக் கையில் எடுத்தேன். நம்பரைப் போட்டேன். பச்சைப் பட்டன் மேல் விரலை வைத்தேன்.

எடுத்துவிட்டேன்.

இதை உங்களுக்கு எப்படிப் புரிய வைப்பது... அறிமுகமில்லாத ஆணோடு நான் போனில் பேசியதே கிடையாது. கீழே இருக்கிற ‘கோல்டு ஸ்டோர்’ என்கிற மளிகைக் கடைக்காரரிடம்கூட சீட்டு எழுதிக் கொடுத்துத்தான் சாமான் வாங்குவேன். அந்த மனுவேல் எதையாவது திருப்பிக் கேட்டால்?

இன்னொன்றும் இருந்தது. போன வருடம் ஒரு வெள்ளிக்கிழமை. புள்ளி பத்து நிமிடம் நகரவில்லை என்று மாப்பிள்ளையை எழுப்பி அனுப்பினேன். அவர் லுங்கியோடு காரை எடுத்துக்கொண்டு ஓடினார். நான்கு பேரும் கரக் டீக்கடையில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். “கீதா, உங்கம்மா போலீஸ்ல இருந்திருக்க வேண்டியவங்க” என்று ரொம்ப நாள் கிண்டல் ஓடியது. கீதாவும் சிரித்தாள். சிரித்துவிட்டு, “அம்மா, என் மானத்தை வாங்காத” என்றாள்.

அந்த ஒரு வார்த்தை விரலைப் பிடித்துக்கொண்டது.

மாப்பிள்ளைக்குப் போட்டேன். பிளான்ட்டுக்குள் போனை விடமாட்டார்கள். ஸ்விட்ச் ஆஃப். பால்கனிக்குப் போனேன். கீழே கடைக்காரர் வாசலில் நின்றிருந்தார். அவருக்கு இங்கிலீஷ் நன்றாக வரும். இறங்கிப் போய்க் கேட்கலாமா? மூன்று படி இறங்கினேன். அங்கே இரண்டு பேர் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். திரும்பி ஏறிவிட்டேன்.

நாற்பது. ஐம்பது. எண் ஏற ஏற எனக்கு இன்னும் பயம். இப்போது கூப்பிட்டால் ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்பார்களே! பயத்தில் மனுஷிக்குப் புத்தி எப்படிக் கோணலாக வேலை செய்கிறது பாருங்கள்.

அறுபத்தைந்து ஆனபோதுதான் பச்சைப் பட்டனை அழுத்தினேன்.

“ஓலா?”

காகிதத்தைப் படித்தேன். அவர் கடகடவென்று என்னமோ கேட்டார். ஒரு சொல் புரியவில்லை. எனக்கு இந்த ஊரில் பழகிய பாஷையெல்லாம் ஒன்றாக வந்தது — இல்லை என்பதற்கு ‘மாஃபி’, கிளம்பு என்பதற்கு ‘யல்லா’.

“ரிவர்... ரிவர்! மாஃபி மூவ்! மை டாட்டர்... ப்ளீஸ்... யல்லா!”

அவர் கேள்வியை நிறுத்தினார். பிறகு மெதுவாக, குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னார். “ஓகே, சென்யோரா. ரிவர். ஐ கோ. நவ்.” வேன் கதவு சாத்துகிற சத்தமும் இன்ஜின் சத்தமும் எனக்கே கேட்டன.

ஒன்று பத்துக்கு அவர் நம்பரிலிருந்தே கீதா பேசினாள். “அம்மா, நான் நல்லாருக்கேன். அழாத. ரோஸிதான் விழுந்துட்டா. காறை எலும்பு.”

ஆற்றைக் கடக்கும்போது ரோஸியின் டயர் பாசிக்கல்லில் வழுக்கிவிட்டது. மணல் தெரியும் இவர்களுக்கு. பாசி பிடித்த கல்லை எந்த பார்க்கிங்கில் பார்த்தார்கள்? கீதா போனை எடுத்திருக்கிறாள். ஐஸ் பாட்டிலோடு ஒட்டிக் கிடந்த போன் செத்துப்போயிருந்தது. அங்கே இருந்த குளிர் போதாதென்று நான் வேறு ஐஸ் வைத்து அனுப்பியிருக்கிறேன்! வெயில் இறங்காத பள்ளத்தாக்கு. ரோஸி நனைந்த உடம்போடு நடுங்கிக்கொண்டு கிடந்தாள். மற்ற மூன்று பேரின் ஜாக்கெட்டையும் அவள் மேல் போர்த்திவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். தூக்கிக்கொண்டு மேட்டில் ஏற முடியாது; வழி தெரியாத இடத்தில் ஒருத்தியைத் தனியாக அனுப்பவும் பயம்.

“நாங்க நம்பிக்கையா இருந்தோம்மா. அரை மணியில எங்கம்மா கூப்பிட்டுருவாங்கன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். கரெக்டா கூப்பிட்டிருக்க!”

நான் “ம்” என்றேன்.

அந்த ஒரு “ம்”தான் இப்போது தொண்டையில் நிற்கிறது.

ஐஸ் கதையைச் சொல்லி வீடே சிரித்து முடித்துவிட்டது. மாப்பிள்ளை, “அத்தை, ஸ்பெயினையே ஃப்ரீசர்ல வச்சிட்டீங்க” என்கிறார். அந்தத் தப்பு என் தப்புதான், சிரிக்கட்டும். ஆனால் மூன்று நாளைக்கு முன்னால், காபி குடித்துக்கொண்டே ரோஸி சொன்னாள்.

“ரெண்டு மணி நேரம் கெடந்த மாதிரி இருந்திச்சும்மா. வேன் வந்து சேர அவ்வளவு நேரமாச்சு.”

கீதா உடனே, “அந்த மனுவேல்தான்டி. அம்மா அரை மணியில சொல்லியாச்சு. அவன் எங்கயோ நின்னு காபி குடிச்சிட்டு ஆடி அசைஞ்சு வந்திருக்கான். நான் ரெவ்யூல அஞ்சுக்கு ரெண்டு ஸ்டார்தான் போட்டேன். பொறுப்பில்லாத ஆள்னும் எழுதிட்டேன்” என்றாள்.

நான் டபராக்களை எடுத்துக் கழுவப் போய்விட்டேன்.

அந்த மனிதர் வேன் கதவைச் சாத்திய சத்தம் என் காதில் இருக்கிறது. ஒரு நிமிடம் நிற்கவில்லை அவர். கல் பாதையில் ஐம்பது நிமிடத்தில் போய்ச் சேர்ந்திருக்கிறார். குளிரில் ரோஸி கூடுதலாகக் கிடந்த முப்பத்தைந்து நிமிடம் என்னுடையது. புள்ளி எப்போது நின்றது என்று தெரிந்தவள் நான் ஒருத்திதான். அவருக்கு இங்கிலீஷ் சரியாக வராது. எதிர்த்துப் பேசத் தெரியாத மனிதர் மேல் பழியைப் போட்டால் அது எவ்வளவு சுலபமாக ஒட்டிக்கொள்கிறது! எதிர்த்துப் பேசத் தெரியாத எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும், இல்லையா?

நேரில் சொல்ல மூன்று நாளும் வாயெடுத்தேன். வரவில்லை. எழுதினால்தான் எனக்கு வரும்.

நான் எழுதிய தாளை ஒவ்வொரு வாரமும் கீதாதான் போட்டோ எடுத்துப் பத்திரிகைக்கு அனுப்புகிறாள். அனுப்புவதற்கு முன்னால் ஒரு தடவை படிப்பாள்.

ஆகவே கீதா, அந்த ஆற்றின் பெயர் எனக்கு மறந்துவிட்டது, எங்கே விட்டிருக்கிறேனோ அங்கே நீயே எழுதிவிடு. கதவு பதினாலா பதினாறா, பார்த்துச் சொல். என் போனில் அன்றைக்கு மனுவேலைக் கூப்பிட்ட நேரம் இருக்கும், பதினொன்று நாற்பத்தைந்து, அதைச் சரிபார். பார்த்துவிட்டு ரோஸியிடம் சொல்.

அப்புறம் அந்த மனுஷனுக்கு மூன்று ஸ்டாரைத் திருப்பிக் கொடுத்துவிடு.