ஓணம் வேண்டாம் என்ற வருடம்

எங்கள் தாலுகாக்கள் திருவிதாங்கூரை விட்டுத் தமிழ்நாட்டோடு சேரப்போவது உறுதியான வருடம் அது. கருங்கல் ஊரில் ஜவுளிக்கடை வைத்திருந்த என் கணவர் ஒரு முடிவோடு வீட்டுக்கு வந்தார்.

"ஏட்டி, இனி நம்ம வீட்டுல ஓணம் கெடையாது. நாம தமிழ்நாட்டுக்காரங்க."

"அங்க சேந்தா அரிசி வெல கொறையுமா?" என்று கேட்டேன். அரிசி விற்ற விலையில் பாதி நாள் மரச்சீனிக் கிழங்குதான் அவித்துக்கொண்டிருந்தேன்.

"கொறையும்."

"அப்ப சேரட்டும். அதுக்கு ஓணம் என்ன செய்தது?"

சொன்னபடியே அவர் கடையிலும் ஓணத்துக்கென்று புதுத்துணி இறக்கவில்லை. தமிழ்நாட்டோடு சேரவேண்டும் என்று அவரோடு ஊர்வலம் போன நண்பர்களே பக்கத்துக் கடையில் பிள்ளைகளுக்குத் துணி எடுத்தார்கள். "எல்லாவனுக்கும் ஊர்வலத்துல மட்டுந்தான் தமிழு" என்று பொருமினார். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

திருவோணத்தன்று, மிச்சம் பிடித்து வைத்திருந்த அரிசியைப் பொங்கி, பாயசமும் வைத்து, பிள்ளைகளுக்கு இலை போட்டேன். முற்றத்தில் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தவர் கொஞ்ச நேரத்தில் உள்ளே வந்தார்.

"எனக்கு எல இல்லியா?"

"ஓணம் வேண்டாம்னியளே?"

"ஓணம் வேண்டாம்னுதான் சொன்னேன். சோறு வேண்டாம்னா சொன்னேன்?" என்றபடி உட்கார்ந்தார். பாயசத்தை இரண்டு முறை கேட்டு வாங்கினார்.

மறு வருடம் நாங்கள் தமிழ்நாட்டில் இருந்தோம். அவர் கடையில் ஓணத்துணியும் இருந்தது.